முசாபரி பங்களாவில் புளித்த பதநீர்

போன வாரம் பதநீர் ருசி பார்ப்பதற்கான பயிற்சி வகுப்பு முடிந்து டீ குடிக்கும்போது உங்களில் ஒருவர் என்னிடம் ஒன்று கேட்டார். சரக்கு கெட்டுவிட்டது என்று வாயில் வைத்ததும் தெரிந்துவிடுகிறது. எதிரே மேலதிகாரி உட்கார்ந்து நம் முகத்தையே பார்க்கிறார். அப்போது முதலில் என்ன செய்ய வேண்டும் என்று. ஏதோ சொல்லிச் சமாளித்துவிட்டு வந்துவிட்டேன். ஆனால் அந்த இடத்தில் நான் ஒரு தடவை நிஜமாகவே நின்றிருக்கிறேன். அதைச் சொல்லியிருக்க வேண்டும். இப்போது சொல்கிறேன்.

வாயை எப்படிக் கொப்பளிப்பது, எத்தனை மடக்கு குடிப்பது என்பதெல்லாம் வகுப்பில் சொல்லித்தருவார்கள். அதில் நான் தலையிடவில்லை.

சுதந்திரம் வந்து சில வருஷங்கள் ஆகியிருந்தன. மாகாணம் முழுக்க மதுவிலக்கு. கள் இறக்கிக்கொண்டிருந்த பனையேறிகளுக்குப் பதநீர் இறக்க லைசென்ஸ் கொடுத்து, அதைக் காய்ச்சிக் கருப்பட்டியாக்கி விற்பதற்கு ஊருக்கு ஊர் கூட்டுறவுச் சங்கம் ஆரம்பித்திருந்தார்கள். சங்கரன்கோவில் வட்டாரத்துச் சங்கங்களுக்கு நான் சூபர்வைசர். புதுசாகக் கல்யாணமானவன். வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை.

கள்ளுக்கும் பதநீருக்கும் மரம் ஒன்றுதான், பாளை ஒன்றுதான், ஏறுகிற ஆளும் ஒருவர்தான். பாளையில் கட்டுகிற கலயத்துக்குள் சுண்ணாம்பு தடவியிருந்தால் இறங்குவது பதநீர். எங்கள் பக்கத்துப் பேச்சில் பயினி. தடவாவிட்டால் கள். தடவியிருந்தாலும் சூட்டில் நெடுநேரம் கிடந்தால் பதநீரும் புளித்துவிடும். புளித்துவிட்டால் சட்டத்தின் கண்ணில் அதுவும் கள்தான். காலையில் தொழிலாக இருந்தது மத்தியானம் குற்றமாகிவிடும். நாங்கள் எல்லோரும் அந்தப் பயத்தோடுதான் அன்றாடம் வேலை பார்த்தோம்.

சென்னையிலிருந்து ஒரு ஸ்பெஷல் ஆபீஸர் வருகிறார் என்று தகவல் வந்தது. சீமையில் படித்தவர். அங்கே வெள்ளைத் திராட்சை ரசத்துக்கு அது விளைகிற ஊரின் பேரை வைத்து விற்கிறார்கள், குடிக்கிறவன் ஊர்ப்பேரைச் சொல்லிக் கேட்டு வாங்குகிறான், நம் பதநீருக்கும் அப்படிச் செய்யலாமே என்பது அவர் யோசனை. அந்தத் திராட்சை ரசத்தை அவர் குடித்துப் பார்த்தாரா என்று கேட்கிற தைரியம் எங்கள் யாருக்கும் இல்லை. வாசுதேவநல்லூர், திருவேங்கடம், பனவடலிசத்திரம் ஆகிய மூன்று ஊர்ப் பதநீரையும் சங்கரன்கோவிலில் வைத்து ருசி பார்ப்பது, நல்லதைத் தேர்ந்தெடுப்பது, ஆடித்தபசுத் திருவிழாவுக்கு வரும் ஜனங்களுக்கு ஊர்ப்பேர் ஒட்டிய பாட்டிலில் விற்பது என்று ஏற்பாடு. தேர்வாகிற ஊர்க்காரர்களுக்கு வருஷா வருஷம் கொள்முதல் உறுதி. சங்கத்தை நம்பலாமா வேண்டாமா என்று இழுத்துக்கொண்டிருந்த பனையேறிகளுக்கு அது பெரிய விஷயம்.

வைகாசி மாதம். அதிகாரிகள் வந்து தங்கும் முசாபரி பங்களாவின் முன்னறையில் மேஜை போட்டு வெள்ளைத் துணி விரித்தோம். பொழுது விடிந்து கொஞ்ச நேரத்துக்குள் மூன்று ஊர்ப் பானையும் வந்து சேர்ந்தன. வாசுதேவநல்லூர்ப் பானை முதல் பஸ்ஸில் வந்தது. திருவேங்கடத்துப் பானை லாரியில் வந்தது. பனவடலிசத்திரத்திலிருந்து செல்லக்கனி என்ற பெண்பிள்ளை, ஓலையால் வாய் மூடிய பானையை மடியில் வைத்துக்கொண்டே பஸ்ஸில் வந்து இறங்கினாள். அவள் புருஷன் பொன்னையா மரத்தில் இருந்ததால் அவள் கொண்டுவந்தாள்.

பொன்னையாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். மதுவிலக்கு வந்த புதுசில் கள் இறக்கியதற்காக உள்ளே போய்விட்டு வந்தவர். அவருக்கு லைசென்ஸ் வாங்கிக் கொடுப்பதற்குள் நான் பட்ட பாடு கொஞ்சமில்லை. இன்னொரு கேஸ் விழுந்தால் லைசென்ஸும் போகும், ஆளும் போவார். இது எனக்குத் தெரியும், செல்லக்கனிக்குத் தெரியும், மதுவிலக்கு பார்க்கிற சப்-இன்ஸ்பெக்டருக்கும் தெரியும். அந்த சப்-இன்ஸ்பெக்டர்தான் பந்தோபஸ்துக்கென்று அன்றைக்கு வந்திருந்தார். சரியான நேரத்துக்கு வந்து, வராந்தாவில் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டார்.

வாங்கும்போதே மூன்றையும் ருசி பார்த்தேன். செல்லக்கனியின் பானையில் மொண்ட ஒரு டம்ளர் போதும், மற்ற இரண்டையும் மறந்துவிடலாம். அத்தனை தெளிவு, அத்தனை மணம். சுண்ணாம்பு அளவாக இருந்தது. நாக்கில் தெரியவே இல்லை. இதுதான் தேர்வாகப் போகிறது என்று எல்லோர் காதிலும் விழ அவளிடமே சொன்னேன். அவள் சிரிக்கவில்லை. "பெரியவர் எப்ப வாராவ?" என்று மட்டும் கேட்டாள். இப்போது வந்துவிடுவார் என்றேன்.

அவர் வரவில்லை. வழியில் புளியங்குடிப் பக்கம் ஒரு நெசவாளர் சங்கத்தில் மாலை போட்டு உட்கார வைத்துவிட்டார்கள் என்று ஆள் வந்து சொன்னான். வெயில் ஏறியது. நான் சாக்கை நனைத்துப் பானைகளைச் சுற்றினேன். ஜன்னல்களை அடைத்தேன், பிறகு காற்று வேண்டுமே என்று திறந்தேன். ஒரு தடவை ஓலையை விலக்கி முகர்ந்து பார்த்தேன், ஒன்றும் தெரியவில்லை. கொஞ்ச நேரம் கழித்து மறுபடி முகர்ந்தேன். அடிக்கடி முகர்ந்தால் மூக்குக்கு நிதானம் போய்விடும் என்று தெரிந்தும் போய்ப் போய் முகர்ந்தேன். வராந்தாவிலிருந்து சப்-இன்ஸ்பெக்டர் இதையெல்லாம் பார்த்துக்கொண்டே இருந்தார்.

செல்லக்கனி என்னிடம் வந்து, பானையைத் திருப்பிக் கொடுத்துவிடச் சொன்னாள். தெரிந்தவர் வீட்டு அடுப்பு பக்கத்தில் இருக்கிறது, காய்ச்சிக் கருப்பட்டியாக்கிவிடுகிறேன், தேர்வும் வேண்டாம் ஒன்றும் வேண்டாம் என்றாள். எனக்கும் அதுதான் சரியென்று பட்டது. பானையைத் தூக்கக் கை வைத்தேன். அப்போது சப்-இன்ஸ்பெக்டர் எழுந்து வந்தார்.

"சூபர்வைசர், அது என்ன வே? சாம்பிள்னு வாங்கியாச்சில்லா? வாங்கின பிறகு அது ஆபீஸ் சொத்து. வெளிய போகணும்னா நான் பாத்துட்டுத்தான் போகணும்."

பார்ப்பது என்றால் முகர்ந்து பார்ப்பது. அந்த நேரத்தில் அவர் முகர்ந்தால் என்ன சொல்வார் என்று எனக்கு நிச்சயமில்லை. பானையை இருந்த இடத்திலேயே வைத்தேன். செல்லக்கனி வாசற்படி ஓரம் போய் நின்றுகொண்டாள். அதன்பிறகு அவள் உட்காரவே இல்லை.

கீழே கொட்டிவிட்டால் என்ன என்றும் நினைத்தேன். போலீஸ்காரர் பார்க்கிறபோது கொட்டினால், மறைக்கிறான் என்று அதுவே சாட்சியாகிவிடும். கொட்டாவிட்டால் அது தன்பாட்டுக்குப் புளித்துக்கொண்டே இருக்கும். பொங்குகிற பாலைக்கூட இறக்கி வைக்கலாம். இதற்குப் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருப்பதைத் தவிர எனக்கு வேறு வழி தெரியவில்லை.

மத்தியானம் திரும்பிய பிறகு ஜீப் வந்தது. ஸ்பெஷல் ஆபீஸர் நல்ல மனிதர். இறங்கியதும் தாமதத்துக்கு வருத்தம் தெரிவித்தார், எல்லோரையும் சாப்பிட்டீர்களா என்று விசாரித்தார். மேஜையைப் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்துவிட்டது. சீமையில் இப்படித்தான் செய்வார்கள் என்று, டம்ளரை வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பார்ப்பதைக் காட்டினார்.

முதலில் வாசுதேவநல்லூர். பயந்துபோய் யாரோ கலயத்தில் சுண்ணாம்பை அப்பியிருக்கிறார்கள். புளிக்கவில்லை, ஆனால் நாக்கு வறவறவென்று ஆகிவிட்டது. ஆபீஸர் ஒரு மடக்கு குடித்துவிட்டுத் தண்ணீர் கேட்டார். அடுத்தது திருவேங்கடம். அரிசி களைந்த தண்ணீர் மாதிரி இருந்தது. இனிப்பு எங்கோ பின்னால், அதற்கும் பின்னால் லேசான ஒரு நெடி. ஆபீஸர் டம்ளரை வைத்துவிட்டு ஜன்னல் பக்கம் பார்த்தார். சென்னையிலிருந்து இதற்காகவா வந்தோம் என்று அவர் நினைப்பது முகத்தில் தெரிந்தது.

"மூணாவதுதான் நல்லா இருக்கும்னு சொன்னீங்களாமே" என்றார் என்னிடம்.

ஓலையை எடுத்தேன். மேலே மெல்லிய நுரை கட்டியிருந்தது.

எனக்கு முன்னால் யாரும் குடிக்கக் கூடாது. அது என் வேலை. எனக்கொரு டம்ளரும் ஆபீஸருக்கொரு டம்ளரும் ஊற்றினேன். அவர் தம்முடையதைக் கையில் எடுத்து வைத்துக்கொண்டு காத்திருந்தார். நான் வாயில் வைத்தேன். நாக்கின் ஓரத்தில் சுருக்கென்றது. சந்தேகமே இல்லை, புளித்துவிட்டது. சுண்ணாம்பு அளவாக இருந்ததாலேயே காலையில் அத்தனை ருசி. அதனாலேயே வெயிலுக்கு முதலில் பலியானதும் அதுதான்.

அந்த மடக்கை நான் விழுங்கவும் இல்லை, துப்பவும் இல்லை. வாயிலேயே வைத்திருந்தேன். விழுங்கி, நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிடலாமா? ஆபீஸர் அடுத்த நொடி குடிப்பார், அவருக்கே தெரிந்துவிடும். அவருக்குத் தெரியாவிட்டாலும் வராந்தாவிலிருந்து உள்ளே வந்து ஓரத்தில் நிற்கிற சப்-இன்ஸ்பெக்டரின் மூக்குக்குத் தெரியும். துப்பிவிட்டுப் புளித்துவிட்டது என்று சொல்லலாமா? அது உண்மை. ஆனால் அந்த உண்மையோடு நிறுத்தினால், இன்றைக்குப் பொழுது சாய்வதற்குள் பொன்னையாவை மரத்திலிருந்து இறக்கிக் கூட்டிக்கொண்டு போய்விடுவார்கள். வாசலில் செல்லக்கனி என் தொண்டையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். விழுங்குகிறேனா இல்லையா என்று.

நான் யோசித்து முடிவெடுத்தேன் என்று சொல்ல மாட்டேன். யோசிக்க நேரமில்லை. சப்-இன்ஸ்பெக்டர் ஓர் அடி முன்னால் வந்து, "கள்ளு" என்றார். மெதுவாகத்தான் சொன்னார். ஆபீஸர் திரும்பி அவரைப் பார்த்தார்.

விழுங்கினேன்.

"ஆமாங்கய்யா, புளிச்சிருக்கு" என்றேன் ஆபீஸரிடம். "காலையில வாங்கும்போது இனிப்பா இருந்தது. நானே குடிச்சேன். அதுக்கப்புறம் இது இந்த ரூமை விட்டு வெளிய போகல, யாரும் தொடல. எங்கிட்ட இருக்கும்போதுதான் புளிச்சது."

எங்கும் நிறுத்தாமல் சொல்லி முடித்தேன். நிறுத்தியிருந்தால் நடுவில் யாராவது புகுந்திருப்பார்கள்.

சப்-இன்ஸ்பெக்டர் விடவில்லை. எப்போது புளித்தது என்று சட்டம் கேட்காது, புளித்த சரக்கு இருக்கிறதா, யார் வசம் இருக்கிறது என்றுதான் கேட்கும் என்றார். பானை எந்த லைசென்ஸ்காரர் வீட்டிலிருந்து வந்ததென்று தமக்குத் தெரியும், அந்த ஆளின் பழைய கேஸும் தெரியும் என்றார். அவர் சொன்னதில் பொய் எதுவும் இல்லை.

"வாங்கின பிறகு ஆபீஸ் சொத்துன்னு நீங்கதானே சார் சொன்னீங்க" என்றேன். "அப்ப இது என் வசம்தான் இருக்கு."

"அப்ப யார் மேல கேஸ் எழுதச் சொல்லுதீரு?"

"எம்மேல எழுதுங்க."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்று எனக்கே உறைத்தது. நிரந்தரமாகாத வேலை, வீட்டில் புதுப்பெண்டாட்டி, எல்லாம் ஒன்றாகக் கண்ணுக்கு முன்னால் வந்து நின்றன. சப்-இன்ஸ்பெக்டர் என்னைப் பார்த்தார். பிறகு அவர் பார்வை ஆபீஸரின் கைக்குப் போனது. ஆபீஸர் கையில் அந்த டம்ளர் இன்னும் நிறைய இருந்தது. ஆபீஸரும் அதைக் குனிந்து பார்த்தார். மெல்ல மேஜைமேல் வைத்து, கைக்குட்டையால் விரல்களைத் துடைத்துக்கொண்டார்.

ருசி பார்ப்பது இத்துடன் போதும் என்றார்.

அவர் ஜீப்பில் ஏறிப் போய்விட்டார். சப்-இன்ஸ்பெக்டர் போகவில்லை. ஒரு பாட்டிலில் அதைப் பிடித்து அரக்கு முத்திரை வைத்துக்கொண்டார். நான் சொன்னதையெல்லாம் என் கைப்பட எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தரச் சொன்னார். எழுதினேன். மீதியைப் பங்களாவின் பின்பக்கம் கொட்டிவிட்டுப் பானையைச் செல்லக்கனியிடம் கொடுத்தபோது அவள் வாங்கிக்கொள்ளவில்லை.

"அந்தக் காயிதத்துல எங்க வீட்டுக்காரர் பேரு இருக்கா?" என்றாள்.

இல்லையென்றேன்.

"வாசிங்க."

சப்-இன்ஸ்பெக்டரைப் பார்த்தேன். அவர் காகிதத்தை என் பக்கம் நீட்டினார். முழுவதும் வாசித்தேன். அவள் தலையைக் குனிந்து கேட்டாள்.

"இன்னொருக்கா வாசிங்க."

மறுபடியும் முழுவதும் வாசித்தேன். முடித்ததும் பானையை வாங்கி இடுப்பில் வைத்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டைப் பார்த்து நடந்தாள். நன்றி என்று ஒன்றும் சொல்லவில்லை. அன்று அவளுக்கு நான் செய்தது உபகாரமா, அவளை அந்த வாசலில் கொண்டுபோய் நிறுத்தியதே நாங்கள்தானா என்று யோசித்தால் அவள் செய்தது சரி.

அதற்கப்புறம்தான் உண்மையான அவஸ்தை. ஒவ்வொரு நாளும் தபால்காரர் சைக்கிள் மணி கேட்டால் வாசலுக்கு ஓடுவேன். காக்கிச் சட்டை தெருவில் வந்தால், நம் வீட்டைத் தாண்டிப் போகிறதா என்று பார்த்துக்கொண்டிருப்பேன். வீட்டில் விஷயத்தைச் சொல்லவில்லை. சோற்றைப் பிசைந்துவிட்டு அப்படியே உட்கார்ந்திருப்பதைப் பார்த்து, என் மனைவி தன் சமையல்தான் பிடிக்கவில்லை என்று நினைத்து, ஊருக்குச் சொல்லியனுப்பி அவள் அம்மாவை வரவழைத்துவிட்டாள். மாமியார் வந்த பிறகு ஒழுங்காகச் சாப்பிட வேண்டியதாயிற்று.

ஆடித்தபசு வந்தது. ஊர் கொள்ளாத கூட்டம். எங்கள் பதநீர்க் கடை வருவதாக இருந்த இடத்தில் ஒருவர் சர்பத் விற்றுக்கொண்டிருந்தார். கூட்டத்தில் ஒதுங்கி நடந்தவன், பந்தோபஸ்தில் நின்ற சப்-இன்ஸ்பெக்டர் எதிரிலேயே போய் நின்றுவிட்டேன். அவர் என்னைத் தேர்மண்டபத்துப் பக்கம் கூட்டிப் போனார். முடிந்தது கதை என்று நினைத்தேன்.

"அந்தப் பாட்டில நான் மேல அனுப்பல வே" என்றார். "அனுப்பினா உம்ம பேரு போகும், டம்ளரக் கையில வச்சிருந்த அந்த ஆபீஸர் பேரு போகும். அதே பங்களால காலையிலேர்ந்து உக்காந்திருந்த எம்பேரும் போகும்."

அவர் கூட்டத்தைப் பார்த்தபடியே சொன்னார்:

"ஒண்ணு சொல்லுதேன் கேளும். எம்மேல கேஸ் எழுதுங்கன்னு இனி எவன்கிட்டயும் சொல்லாதீரும். எழுதிருவான்."

ஆகவே இதை நான் உங்களுக்கு வீரக்கதையாகச் சொல்லவில்லை. அவர் வேறு மாதிரி ஆளாக இருந்திருந்தால், ஆபீஸர் கையில் அந்த டம்ளர் இல்லாமல் இருந்திருந்தால், நான் உங்கள் முன்னால் இப்படிப் பேசிக்கொண்டிருக்க மாட்டேன். எல்லோரும் எம்மேல எழுதுங்க என்று சொல்லுங்கள் என்றும் நான் சொல்ல மாட்டேன். ஆனால் கேள்வி கேட்டவருக்கு ஒன்று சொல்லலாம். சரக்கு கெட்டிருந்தால் கெட்டிருக்கிறது என்று சொல்லுங்கள். அது எப்படிக் கெட்டது, யார் கையில் கெட்டது என்பதையும் அதே மூச்சில் சொல்லுங்கள். முதல் பாதியை மட்டும் சொல்லிவிட்டு நிறுத்தினால், மீதியை மற்றவர்கள் தங்களுக்குத் தோன்றியபடி நிரப்பிக்கொள்வார்கள். அந்த மீதியில் யாரோ ஒருவருடைய வீடு இருக்கும்.

ஸ்பெஷல் ஆபீஸரின் அறிக்கை வந்தது. இந்த வட்டாரத்துப் பதநீர் ஊர்ப்பேர் வைத்து விற்கத் தகுதியில்லை என்று இருந்தது. ரொம்ப நாள் அது என்னை உறுத்தியது. காலையில் அந்த டம்ளரைக் குடித்தவன் நான் ஒருவன்தான். அவர் குடித்ததெல்லாம் சுண்ணாம்பும் கழுவுநீரும். எனக்கு நிரந்தர உத்தரவு மேலும் தள்ளிப்போய், வட ஆற்காட்டுப் பக்கம் மாற்றலும் வந்தது.

பொன்னையாவின் லைசென்ஸ் புதுப்பிக்கப்பட்டதா என்பது மட்டும் எனக்குத் தெரியவில்லை. ஆபீஸில் கேட்டிருக்கலாம். கேட்டால் அந்தப் பெயரை யாருக்காவது ஞாபகப்படுத்திவிடுவோமோ என்ற பயத்தில் கேட்கவே இல்லை.

மாசி மாதம், சாமான்களை முன்னால் அனுப்பிவிட்டு நானும் மனைவியும் திருநெல்வேலி பஸ்ஸில் புறப்பட்டோம். பனவடலிசத்திரம் தாண்டியதும் யாரோ கை காட்ட, பஸ் நின்றது. ரோட்டோரம் பனைகள். ஒரு மரத்தடியில் செல்லக்கனி பானையும் சுண்ணாம்பு தடவிய கலயமுமாக நின்றுகொண்டிருந்தாள். ஜன்னலில் என்னைப் பார்த்துவிட்டாள். கை அசைக்கவில்லை. அண்ணாந்து மரத்தின் உச்சியைப் பார்த்து ஏதோ சொன்னாள்.

மட்டைகளுக்கு நடுவிலிருந்து பொன்னையா குனிந்து பார்த்தார். இரண்டு கையும் பாளையில் இருந்தன. என்னைப் பார்த்து ஏதோ சத்தமாகச் சொன்னார். அதற்குள் பஸ் கிளம்பிவிட்டது. இஞ்சின் சத்தத்தில் ஒரு வார்த்தைகூடக் காதில் விழவில்லை. என்ன சொன்னார் என்று மனைவி கேட்டாள். தெரியவில்லை என்றேன். யார் அவர் என்று கேட்டாள்.

அப்போதுதான் அவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். திருநெல்வேலி வரைக்கும் சொன்னேன்.